ஒரே பேரில் இரண்டு போன்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் செம்பூர் ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் தாயும் மகளும் எதிரெதிரே வந்து, நீ யாரோ நான் யாரோ என்று விலகிப் போனதைப் பார்த்தோம். பெற்ற தாயை இப்படியும் ஒருத்தி ஒதுக்குவாளா என்று உங்களில் பாதிப் பேர் கோபப்பட்டிருப்பீர்கள். அந்தக் கோபத்தை அப்படியே பத்திரமாக வைத்திருங்கள். இன்றைக்கு வேண்டியிருக்கும்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய அந்தச் சந்தில் காலை வழக்கம்போலத்தான் விடிந்தது. கோமதியம்மாள் வேலைக்குப் போடுகிற பச்சை கோட்டை மடித்துப் பைக்குள் வைத்து, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துக் கிளம்பினாள். மகள் மாரீஸ்வரி கண்ணாடி முன்னால் நின்று, ஏற்கெனவே சரியாக இருந்த தலைமுடியை மறுபடியும் சரிசெய்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பஸ் ரூட். ஆனாலும் அம்மா முந்தின பஸ்ஸில் போவாள்; மகள் அடுத்ததில்.

வாசல் ஓரத்தில் மெஷின் போட்டுத் தோல் பர்ஸ் தைத்துக்கொண்டிருந்தார் சுடலைக்கண்ணன். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து போனா என்னா?"

"அவளுக்கு வேல பொறவுதான் தொடங்கும். எனக்கு ஏழுக்கெல்லாம் துணி எண்ணணும்லா," என்று சொல்லிவிட்டு கோமதியம்மாள் செருப்பை மாட்டினாள். பொய் சொல்கிற மாதிரியே இருக்காது அவள் சொல்வது. அதில் அவள் கெட்டிக்காரி.

சுடலைக்கண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. பொஞ்சாதியும் மகளும் ஒரே ஆஸ்பத்திரியில் உத்தியோகம் என்பது அவருக்குப் பெரிய பெருமை. டீக்கடையில் நாளுக்கு ஒரு ஆளிடமாவது சொல்லிவிடுவார். சாயங்காலம் இரண்டு பேரும் வீடு திரும்பினால் முதல் கேள்வி, "மத்தியானம் சேந்து சாப்ட்டியளா?" என்பதுதான். கோமதியம்மாள் ஆமா என்பாள். மாரீஸ்வரியும் ஆமா என்பாள். அவர் திருப்தியாக அடுத்த பர்ஸை எடுப்பார்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாரீஸ்வரி கம்ப்யூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வீடு எங்கே என்று கேட்டார்கள். "சயன்" என்று, தாராவியை ஒட்டிய கொஞ்சம் கௌரவமான பேட்டையின் பேரைச் சொன்னாள். தாராவிப் பிள்ளைகள் பல பேர் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிப் பழகிவிட்டால் அது பொய்யாகவே தோன்றாது. ஒரு பொய் சும்மா இருக்குமா? அப்பா லெதர் பிசினஸ் என்று நீண்டது. அம்மா ஊரில் இருக்கிறாள் என்று முடிந்தது. பம்பாயில் எந்தப் பாரத்தை நிரப்பினாலும் பெண்ணின் பேருக்குப் பின்னால் அப்பன் பேரோ புருஷன் பேரோ வந்து ஒட்டிக்கொள்ளும். அவள் அந்த வாலையும் வெட்டிவிட்டாள். கழுத்தில் தொங்குகிற அட்டையில் "ஈஸ்வரி எஸ்." என்று மட்டும்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அவள் ஈஸ்வரி மேடம்.

இந்த நிலையில், காட்கோபர் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த கோமதியம்மாளை, கான்ட்ராக்ட்காரன் இதே ஆஸ்பத்திரித் துணியறைக்கு மாற்றினான். அன்றைக்கு அவள் ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மகளோடு போய் வரலாமே என்ற சந்தோஷம். விஷயத்தைச் சொன்னதும் மகள் முகம் போன போக்கைப் பார்த்தாள். ஜிலேபிப் பொட்டலத்தை அடுப்புத் திட்டில் வைத்தாள்.

"சரி, விடுட்டி. அங்கன நான் ஒன்னயப் பாத்தாலும் பாக்காத மாதிரி போயிருதேன். நீயும் அப்படியே போயிரு," என்றாள்.

வேண்டாம்மா என்று மாரீஸ்வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து மாதமாக அந்த ஏற்பாடுதான் நடக்கிறது.

அன்று ஆஸ்பத்திரியில் மாரீஸ்வரிக்குப் பெரிய நாள். வைஃபையைப் பிரிக்கிற நாள்.

விஷயம் இதுதான். யாரோ ஒரு நோயாளிக்குத் துணைக்கு வந்த ஆள், வரவேற்பறையில் பொழுது போகாமல் போனை நோண்டப் போக, அடுத்தவர் எக்ஸ்ரே படமெல்லாம் அதில் வந்து விழுந்துவிட்டது. அந்த ஆள் நல்லவனாக இருந்ததால் ஓடிவந்து சொன்னான். டைரக்டர் மேடம் அன்றைக்கே கம்ப்யூட்டர் பிரிவைக் கூப்பிட்டுவிட்டார். டாக்டர், நர்ஸ், பார்வையாளர், துடைக்கிறவர் எல்லாரும் வைஃபைக்குள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தால் வேறென்ன நடக்கும்?

மாரீஸ்வரி இரண்டு மாதம் உட்கார்ந்து அதற்கு வழி பண்ணினாள். வைஃபையின் பேர் பழைய பேரேதான். ஆனால் உள்ளே தனித்தனித் தடங்கள். அவள் பிரிவில் அதற்கு வி-லேன் என்று பேர். யார் என்ன பேரையும் பாஸ்வேர்டையும் போட்டு நுழைகிறார்களோ, அதைப் பார்த்து அவரவர் தடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். டாக்டர் தடத்தில் போனால் ஸ்கேன் தெரியும். பார்வையாளர் தடத்தில் வெளி இன்டர்நெட் மட்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வருகைப்பதிவு ஆப் ஒன்றுதான் திறக்கும். எல்லாவற்றையும் திறக்கிற தடம் ஒன்று உண்டு. அது கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற மூன்று பேருக்கு மட்டும். ஒரு தடத்தில் இருப்பவர் இன்னொரு தடத்தில் இருப்பவரின் கண்ணில் படவே மாட்டார்.

வீட்டில் பத்து மாதமாக நடத்திக்கொண்டிருந்ததைத்தான் அவள் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தாள் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் சொல்கிறேன்.

மீட்டிங் ஹாலில் பெரிய திரை. டைரக்டர் மேடம், நாலைந்து டாக்டர்கள், கான்ட்ராக்ட் ஆட்களை மேய்க்கிற சூப்பர்வைசர் கரீம் பாட்சா எல்லாரும் வந்திருந்தார்கள். மாரீஸ்வரியின் மேலதிகாரி சங்கரன் திரைப்பக்கம் நின்றார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழ்ப் பெண் என்பதால் அவளிடம் அவருக்குத் தனிப் பிரியம். "இதைச் செஞ்சது பூரா எங்க ஈஸ்வரிதான்," என்று அவர் எல்லாருக்கும் கேட்க இங்கிலீஷில் சொன்னபோது அவள் காது மடல் சூடானது.

பொத்தானை அழுத்தினாள். திரையில் தடங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. போன்களும் கம்ப்யூட்டர்களும் அந்தந்தத் தடத்தில் போய் வரிசையாக நின்றன. ஒரு டாக்டர் கைதட்டக்கூடச் செய்தார்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த ஹரிதா திரையைக் கூர்ந்து பார்த்தாள். ஹரிதா மாரீஸ்வரிக்கு அடுத்த நிலையில் வேலை பார்க்கிற பெண். கபடம் கிடையாது, வாயும் நிற்காது. கம்ப்யூட்டர் பிரிவுத் தடத்தில் மூன்று பேர்தானே இருக்க வேண்டும், ஒரு போன் கூடுதலாக நிற்கிறதே என்று கேட்டாள். அதோடு விட்டாளா? "மேடம், உங்க பேர்லயே ரெண்டு போன் இருக்கு. ஒண்ணு இங்க இருக்கு. இன்னொண்ணு கீழ்த்தளத்துத் துணியறைல இருக்கு," என்றாள் இந்தியில்.

மாரீஸ்வரி திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு அந்தக் கணமே எல்லாம் தெரிந்துவிட்டது. துணியறையில் போன் சிக்னல் எடுக்காது. குவைத்தில் இருக்கிற அண்ணன் இசக்கிதுரைக்கு டீ இடைவேளையில் மட்டும்தான் பேச நேரம் கிடைக்கும்; அந்நேரம் அம்மா துணியறையில் இருப்பாள். இரண்டு மாதமாகப் பிள்ளை குரல் கேட்கவில்லை என்று அம்மா ஒருநாள் சொன்னாள். புலம்பக்கூட இல்லை, சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரீஸ்வரி அம்மாவின் போனை வாங்கி, ஆஸ்பத்திரி வைஃபையில் தன்னுடைய பேரையும் பாஸ்வேர்டையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறதற்குக் கூலி மாதிரி. கொடுத்த பிறகு மனசு கொஞ்சம் லேசாயிற்று. லேசானதும் மறந்தே போனாள். ஊர் போன்களையெல்லாம் தடம் தடமாகப் பிரித்தவள் அந்த ஒரு போனை மறந்தாள்.

டைரக்டர் மேடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். சங்கரன் முகம் கறுத்துவிட்டது. ஈஸ்வரியின் பாஸ்வேர்டை யாரோ திருடியிருக்கிறார்கள், அந்தப் போனில் இருப்பவர் நினைத்தால் ஆஸ்பத்திரியின் எல்லா நோயாளிகளின் விவரத்தையும் பார்க்கலாம் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ யார்கிட்டயாவது பாஸ்வேர்டைச் சொன்னியாம்மா?"

கேட்டது தமிழில். பிரியமாகத்தான் கேட்டார். அந்த இடத்தில் ஆமாம் சார், எங்கம்மாவிடம் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும். அதோடு போயிருக்கும்.

"இல்ல சார்," என்றாள்.

கரீம் பாட்சா கீழே ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அந்தப் போனைத் தடத்திலிருந்து துண்டித்துவிடச் சொல்லி சங்கரன் சொன்னார். மாரீஸ்வரியே துண்டித்தாள். அம்மா அந்நேரம் அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

கொஞ்ச நேரத்தில் கோமதியம்மாள் வந்தாள். ஹாலுக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. அவள் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தாள். பச்சை கோட்டின் முன்பக்கம் சோப்புத் தண்ணீர் பட்டு நனைந்திருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே வந்ததிலிருந்து மகள் நின்ற பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

டைரக்டர் மேடம் கெட்டவர் அல்ல. உரக்கக்கூடப் பேசவில்லை. ஆனாலும் அந்தக் குளிரூட்டிய ஹாலில், சட்டை கசங்காத அத்தனை பேர் நடுவில், வெறுங்காலோடு ஒருத்தியை நிறுத்திக் கேள்வி கேட்டால் அது எப்படியிருக்கும்? மாரீஸ்வரி அம்மாவின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் தண்ணீரில் நின்று நின்று வெளுத்த விரல்கள். வீட்டில் எத்தனையோ தரம் பார்த்ததுதான். இங்கே பார்க்கக் கூசியது. கூசியதை நினைத்து இன்னும் கூசியது.

மேடம் முதலில் மாரீஸ்வரியைத்தான் கேட்டார். இந்த அம்மாவை உனக்குத் தெரியுமா என்று இந்தியில் கேட்டார்.

"தெரியாது, மேடம்," என்றாள் மாரீஸ்வரி.

சொல்லி முடித்த பிறகும் அந்தச் சொல் வாயிலேயே இருந்தது. கோமதியம்மாள் நிமிரவில்லை. போனைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ஒருதரம் இறுகித் தளர்ந்தன.

பிறகு கோமதியம்மாளைக் கேட்டார்கள். இந்தப் போனில் இதையெல்லாம் போட்டுக் கொடுத்தது யார்? அவள் தனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் பதில் சொன்னாள். மூணாம் மாடியில் யாரையோ பார்க்க வந்த ஒரு பையனிடம் நெட் போட்டுத் தரச் சொன்னாளாம். அவன் போட்டுக் கொடுத்தானாம். எந்தப் பையன்? தெரியாது, போய்விட்டான். அவனுக்கு இந்த மேடத்தின் பாஸ்வேர்ட் எப்படித் தெரியும்? அது எனக்கெப்படித் தெரியும் மேடம், எனக்கு மகனோடு பேச முடிந்தது, அதுபோதும் என்று இருந்துவிட்டேன், தப்புதான்.

"இந்த மேடம் உனக்குப் பழக்கமா?" என்று கரீம் பாட்சா இடையில் புகுந்து இந்தியில் கேட்டார்.

அப்போதுதான் கோமதியம்மாள் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குள் பத்து மாதத்தில் அவளை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இங்கே தினமும் பார்க்கிறேன், பேசினதில்லை என்றாள்.

ஒரு சொல் பொய்யில்லை அதில். மாரீஸ்வரிக்கு அந்த ஹாலிலேயே எங்காவது மூலையில் போய் மறைந்துகொள்ள மாட்டோமா என்றிருந்தது.

போனை வாங்கி கரீம் பாட்சா பொறுப்பில் வைக்கச் சொன்னார்கள். யாருடைய போன் என்று கம்ப்யூட்டரில் பதிந்துகொள்வதற்காக சங்கரன் கோமதியம்மாளின் கழுத்து அட்டையைத் திருப்பிப் படித்தார். கோமதியம்மாள் சுடலைக்கண்ணன் என்று இருந்தது. எழுத ஆரம்பித்தவர் நிறுத்தினார். மெல்லத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

கழுத்து அட்டையில் வாலை வெட்டியவளால் கம்ப்யூட்டரில் வெட்ட முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த சர்டிபிகேட்டில் இருந்தபடி முழுப் பேரையும்தான் ஆஸ்பத்திரி பதிந்திருந்தது. ஹரிதா கண்டுபிடித்துச் சொன்ன அந்த இரண்டு போனுக்கும் பக்கத்தில், முழ நீளத்துக்கு, மாரீஸ்வரி சுடலைக்கண்ணன் என்று நின்றது.

டைரக்டர் மேடத்துக்கு அது வாயில் நுழையாத ஏதோ ஒரு மதராஸிப் பேர். டாக்டர்களுக்கும் அப்படியே. செம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு சுடலைக்கண்ணன்கள் தற்செயலாக இருக்க முடியாது என்று அந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் சங்கரன்தான்.

அவர் மாரீஸ்வரியைப் பார்க்கவில்லை. கையை நீட்டித் திரையை அணைத்தார். இந்த அம்மா போகட்டும், நான் விசாரித்து நாளைக் காலையில் எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அதுவரை துணியறைக்கு வர வேண்டாம் என்று மேடம் சொன்னார். கோமதியம்மாள் கும்பிட்டுவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினாள். அது தரையில் தேய்கிற சத்தம் படிவரைக்கும் கேட்டது.

சங்கரன் தன் அறைக்கு மாரீஸ்வரியைக் கூப்பிட்டது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவளும் சாப்பிடவில்லை, அவரும் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனாள். கத்தியிருந்தால் தேவலை.

"நவராத்திரிக்கு ஆத்துக்கு வந்தியே, அப்போ எங்காத்துலே கேட்டா, அம்மாவையும் அழைச்சிண்டு வந்திருக்கலாமேன்னு. ஊர்லே இருக்கான்னே," என்றார் மேஜையைப் பார்த்துக்கொண்டே.

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலையிலே நான் எழுதிக் கொடுத்தாகணும். பாஸ்வேர்டைத் திருடினான்னு எழுதினா அந்தம்மாவை அனுப்பிச்சுடுவா. எந்த ஆஸ்பத்திரியிலயும் சேத்துக்க மாட்டா, திருடின்னு ஆயிடும். நீயே குடுத்தேன்னு எழுதினா உன் மேலே நடவடிக்கை. எதை எழுதறதுன்னு நீ சொல்லு. நான் எதையும் படிக்கலை."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்னபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாராவி என்று தெரிந்ததால் இல்லை. தன் அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் மூடிவைக்க இன்னொருத்தர் வீட்டு ஆள் மெனக்கெடுகிறார். பெற்ற மகள் அதைக்கூடச் செய்யவில்லை. ஈஸ்வரி மேடத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. மாரீஸ்வரிக்கு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் வெளியே ஓடினாள்.

கோமதியம்மாள் இன்னும் போகவில்லை. மாற்றுத் துணி, டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு, கரீம் பாட்சாவிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்கு அவ்வளவு நேரமாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்பில் நின்றாள். ஷிஃப்ட் முடிந்த துணியறைப் பெண்கள் இரண்டு பேர் கூட நின்று ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அவள் தோளில் கை வைத்திருந்தாள்.

மாரீஸ்வரி ரோட்டைக் கடந்தாள். ஆட்டோக்காரன் ஒருவன் திட்டினான், காதில் விழவில்லை. பத்து மாதமாக அந்தக் காம்பவுண்டில் சொல்லாத சொல்லை எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"எம்மா."

கோமதியம்மாள் திரும்பவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட நின்றவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மா, இங்க பாரு. நாந்தான்."

இப்போது திரும்பினாள். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. வார்டில் எந்த நர்ஸ் கூப்பிட்டாலும் திரும்புகிற மாதிரி, பணிவாகத் திரும்பினாள்.

"க்யா ஹுவா, மேடம்? முஜே புலாயா?"

என்ன மேடம், என்னையா கூப்பிட்டீர்கள் என்று இந்தியில் கேட்டாள். பிறந்த நாளிலிருந்து தன்னிடம் திருநெல்வேலித் தமிழைத் தவிர வேறு பாஷை பேசாத வாய் அது. கூட நின்றவளிடம், கம்ப்யூட்டர் மேடம், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று அதே இந்தியில் சொன்னாள். மாரீஸ்வரி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாளா, இல்லை இனிமேல் நீ எனக்கு மேடம்தான் என்கிறாளா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

சயன் பஸ் வந்தது. கோமதியம்மாள் டப்பாப் பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அந்தப் பக்கத்து ஜன்னல் ஓரம் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது.

மாரீஸ்வரியின் போன் அடித்தது. அப்பா. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏ மாரி, ஒங்கம்மைக்கு போன் போவ மாட்டேங்கு. இசக்கி பேசிட்டு இருக்கையிலேயே கட்டாயிட்டாம், அவன் அங்கன கெடந்து பதறுதான். நீயும் அவளும் சேந்துதான வாறிய?"

ஆமா என்பது வாய்வரைக்கும் வந்தது. பழகின சொல் அல்லவா.

"எப்பா," என்றாள். "நான் இன்னைக்கு அம்மையத் தெரியாதுன்னுட்டேன்."

"என்னட்டி சொல்லுத?"

"ஆஸ்பத்திரில, எல்லார் முன்னாலயும். இவளத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

மெஷின் நின்றது. சந்தில் யாரோ யாரையோ கூப்பிடுவது மட்டும் போனில் கேட்டது.

"அவ நிக்கும்போதா?"

"ஆமாப்பா."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

பஸ் திருப்பத்தில் சிக்னலுக்காக நின்றிருந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்தவளின் தலை இங்கிருந்து தெரியவில்லை.

"அம்மையும் என்னயத் தெரியாதுன்னுட்டா," என்றாள் மாரீஸ்வரி.

அப்பா போனை வைக்கவில்லை. மெஷின் மறுபடி ஓடவும் இல்லை.